கோடு வெளியே தெரியணும்

எதிர்ல, ஆபீஸ் கேட்டு ஓரமா, நீலச் சட்டை போட்டுக்கிட்டு கையில பிளாஸ்டிக் கவரோட ஒருத்தன் நிக்கிறான் பாருங்க. ரொம்ப உத்துப் பாக்காதீங்க, அவனைப் பத்திதான் பேசுறோம்னு தெரிஞ்சுடும். தெரிஞ்சா தெரியட்டும், எனக்கென்ன. அவன் என் சகலை. லூர்துராஜ்னு பேரு. என் சம்சாரத்தோட தங்கச்சியைக் கட்டினவன். டீசல் எஞ்சின் டிரைவரா இருந்தான். இப்ப இல்ல.

அந்தக் கவருக்குள்ள ஒரு பேப்பர் இருக்கு. அதுல நான் ஒரு கையெழுத்து போடணும். அஞ்சு மணிக்குள்ள போட்டு உள்ள குடுத்துட்டா அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்க ஒரு வழி இருக்கு. இல்லேன்னா அப்பீல் தேதி இன்னையோட முடிஞ்சுது. இப்ப மணி என்ன, நாலேகால் இருக்குமா? இருக்கட்டும். நான் இந்த டீக்கடையில வந்து உக்காந்து முக்கால் மணி நேரம் ஆச்சு. அவன் அங்க, நான் இங்க. நடுவுல ஒரு ரோடு, அவ்வளவுதான். அவன் இந்தப் பக்கம் வந்து "அண்ணே, போட்டுக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா போட்டுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். பேனாகூட கொண்டாந்திருக்கேன். கேக்க மாட்டான். அவ்வளவு திமிரு.

நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும். உங்க வேலைக்குக் கூப்பிட இன்னும் நேரம் இருக்குன்னுதானே சொன்னீங்க? அப்ப கேளுங்க. யாராவது வெளியாளு கேட்டு நியாயம் சொல்லட்டும். வீட்டுல எல்லாருமே அவன் பக்கம்.

என் பேரு இன்னாசிமுத்து. ரயில்வே ஒர்க்ஷாப்புல தகடு செக்ஷன்ல முப்பத்தாறு வருஷம். தகடுன்னா வெட்டுறது, மடிக்கிறது, ஈயத்தை உருக்கிப் பத்து வைக்கிறது. இந்தக் கையைப் பாருங்க. ஒரு சொட்டு ஈயம் வழியாம பத்து வைப்பேன். ரிட்டயர் ஆகுற அன்னைக்கு, "இன்னாசி மடிச்சா அதுக்கு மூலைமட்டம் வைக்க வேண்டியதில்ல"ன்னு சொல்லித்தான் மாலை போட்டாங்க. எதுக்குச் சொல்றேன்னா, நான் ஒண்ணும் விளையாட்டுக்குப் பொம்மை செய்யிற ஆளு இல்ல.

விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் யார்டுல லூர்து ஷண்டிங் பாத்துட்டிருந்தப்ப ஒரு தள்ளு டிராலியில இடிச்சுட்டான். தண்டவாளத்துக்குக் கிட்டக்க யாரோ விட்டுட்டுப் போன டிராலி. அதுகிட்ட நின்னவருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. உசுருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சார்ஜ் ஷீட் குடுத்துட்டாங்க. டிராலி கண்ணுக்கு நேரா நின்னுச்சு, டிரைவர் கவனிக்கலன்னு.

லூர்து சொன்னது என்னன்னா, எனக்கு அது தெரியவே வழியில்லங்கிறான். அவன் ஓட்டினது ஒரு பழைய எஞ்சின். யார்டுல அதுக்கு 'ஒத்தக்கை'ன்னு பேரு. மத்த எஞ்சின்ல டிரைவர் பிடிக்கிற கைப்பிடியெல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கும், எந்தப் பக்கம் போனாலும் வாகா உக்காந்துக்கலாம். இதுல ஒரே பக்கம்தான். கேபினுக்கு முன்னால நீட்டிக்கிட்டிருக்கிற எஞ்சின் பெட்டியை நீள மூக்குன்னு சொல்லுவோம். அந்த மூக்கு முன்னால போகுறப்ப டிரைவர் இடது பக்கம் உக்காந்திருப்பான். வலது பக்கம் என்ன இருக்குன்னு அந்த மூக்கு மறைச்சுடும். அங்க பாத்துச் சொல்ல வேண்டியது அசிஸ்டென்ட். அசிஸ்டென்ட் அன்னைக்கு தடம் மாத்துற பாயிண்ட்டைத் திருப்ப இறங்கிட்டான். டிராலி நின்னது வலது பக்கம்.

இதுல ஒரு சிக்கல். எஞ்சினை அதுக்குள்ள கழிச்சு, வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. சீட்டு எந்தப் பக்கம்னு பேப்பர்ல எங்கயும் இல்ல. நடுவுல எப்பவோ ரிப்பேர்ல கைப்பிடியை வலது பக்கம் மாத்திட்டாங்கன்னு எவனோ கிளப்பிவிட்டான். அசிஸ்டென்ட்டைக் கேட்டா ஞாபகம் இல்லங்கிறான். அவன் வேலையை அவன் காப்பாத்திக்கிறான். ஆக மொத்தம், சீட்டு இடமா வலமா, அதுலதான் லூர்துவோட பொழைப்பே நிக்குது.

என்கொயரிக்குக் கூட நின்னு பேச ரிட்டயர்டு ஆளு ஒருத்தரை வச்சுக்கலாம். என்னை வந்து கேட்டான். கேட்டான், அப்ப கேக்கத் தெரிஞ்சுது. "அண்ணே, உங்களை விட்டா எனக்கு யாரு"ன்னு என் வீட்டு சோபாவுல உக்காந்து கேட்டான். நான் சரின்னேன்.

அப்பதான் அவன் மருமகன் லண்டன் பக்கத்துலேருந்து ஒரு பார்சல் அனுப்பினான். அங்க ஒரு வெள்ளைக்காரர் பழைய டீசல் எஞ்சினுக்கெல்லாம் பித்தளைத் தகட்டுல மாடல் போடுறாராம். நம்ம ஒத்தக்கை மாதிரியேதான் ஒண்ணு. பிரிச்சா எஞ்சினும் இல்ல ஒண்ணும் இல்ல, அஞ்சாறு பித்தளைத் தகடு. ஆசிட்டுல அரிச்சு, கதவு, ஜன்னல், படிக்கட்டு, கேபின், சீட்டு, கைப்பிடி எல்லாம் அதுலயே ஒட்டிக்கிட்டிருக்கு. ஒவ்வொண்ணா வெட்டி எடுத்து, மடிச்சு, பத்து வச்சு ஒரு முழம் நீளத்துக்கு எஞ்சினா ஆக்கணும். மடிக்கிற இடத்துல பாதி ஆழத்துக்கு ஒரு கோடு அரிச்சு வச்சிருக்கான். எனக்கு வாயில எச்சில் ஊறுச்சு. "இதை நான் பண்றேன், என்கொயரி மேஜையில வைப்போம், எவன் சீட்டு எந்தப் பக்கம்னு கேக்குறான்னு பாப்போம்"னேன். யோசனை என்னோடதுதான். அதை யாரும் ஞாபகம் வச்சிருக்கல.

நாலு மாசம். சாப்பாட்டு மேஜையில நாலு மாசம். நாங்க தட்டைக் கையில வச்சுக்கிட்டு சாப்பிட்டோம். பெரிய சால்டரிங் அயர்ன் வச்சா பக்கத்துல பத்து வச்சது இளகிடும், அதனால முனையை ஊசி மாதிரி அரத்துல தேய்ச்சுக்கிட்டேன். ஒரு கைப்பிடிக் கம்பி மயிர் கனம். அது தரையில விழுந்து ரெண்டு நாள் தேடினோம். பிலோமினா, அதான் என் சம்சாரம், கடைசியில துடைப்பத்துலேருந்து எடுத்தா.

கூடவே எட்டு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேப்பர். எப்படி மடிக்கணும், எது முதல்லன்னு. நான் அதைத் தொடவே இல்ல. படிச்சுப் படிச்சுச் செய்யிற வேலைன்னா அதுக்கு முப்பத்தாறு வருஷம் எதுக்கு? பிலோமினா டீச்சரா இருந்தவ, சும்மா இருக்க மாட்டா. கண்ணாடியை மாட்டிக்கிட்டு வாசிச்சா. "ஏங்க, கோடு மடிப்புக்கு உள்பக்கம் வரணும்னு போட்டிருக்குங்க. தடிச்ச எழுத்துல போட்டிருக்கு."

நான் சொன்னேன், "நீ போய் உலையைப் பாரு."

நியாயமா சொல்லுங்க. எங்க செக்ஷன்ல கோடு எப்பவும் வெளியே தெரியணும். ஊசியால கோடு இழுத்து, கோடு கண்ணுக்குத் தெரியிற மாதிரி வெளியே வச்சு, அதைப் பாத்துக்கிட்டே மடிக்கணும். நான் சேர்ந்த புதுசுல கோட்டை உள்ள விட்டு மடிச்சதுக்கு ஃபோர்மேன் கையிலயே ஒண்ணு போட்டார். அதுலேருந்து முப்பத்தாறு வருஷத்துல ஒரு கோடு உள்ள போனதில்ல. எங்கயோ இருக்கிற வெள்ளைக்காரர் எனக்குத் தகடு மடிக்கச் சொல்லித்தர்றாரா? எல்லாத்தையும் கோடு வெளியே வச்சு மடிச்சேன்.

அந்த ஆளு வேலையும் சுத்த மோசம், அதையும் சொல்லணும். மடிச்சு வச்சா மூலைக்கு மூலை வெடிப்பு. எல்லாம் ஈயம் வச்சு நான் நிரப்பினேன். கதவோட கீல் எல்லாம் உள்பக்கம் வச்சிருக்கான். எந்த எஞ்சின்லயாவது கீல் உள்ள இருந்து பாத்திருக்கீங்களா? ரிவெட்டு புள்ளியும் உள்பக்கம். நான் கம்பியை வெட்டி வெளியே ஒவ்வொரு கீலா பத்து வச்சேன், அறுபத்திநாலு கீல். திட்டிக்கிட்டே வச்சேன். ஆனா ஒண்ணுக்கொண்ணு பொருந்துறதுல குறையில்ல. ஒரு பீஸ்கூட முறைச்சுக்கிட்டு நிக்கல. எல்லாம் ஒழுங்கா உக்காந்துச்சு. அப்ப நான் மடிச்சது சரின்னுதானே அர்த்தம்?

லூர்து ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா வந்துடுவான். பாக்கணும்பான். நான் துணி போட்டு மூடி வச்சிருந்தேன். முடியிற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அரைகுறையில பாத்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. "அண்ணே, சீட்டு மட்டும் ஒரு தடவை பாத்துக்கிறேனே"ன்னான். அதுவும் ஒரு தடவை இல்ல, மூணு தடவை கேட்டான். எனக்கு சுருக்குன்னு ஆச்சு. "எஞ்சின் ஓட்டுறது உன் வேலை, தகடு மடிக்கிறது என் வேலை. நம்பிக்கை இல்லேன்னா எடுத்துட்டுப் போயிடு"ன்னேன். செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். மனுஷன் மேல நம்பிக்கை இல்லாதவன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுது.

பாருங்க, இங்கதான் பாக்குறான். நீங்க திரும்பாதீங்க. பாக்கட்டும்.

என்கொயரி அன்னைக்கு ஷூ டப்பாவுல பஞ்சு வச்சு கொண்டுபோனேன். மெரூன் பெயிண்ட், நம்பர் எல்லாம் நானே எழுதினது. விசாரிக்கிற ஆபீசர் ஒரு அம்மா. டப்பாவைத் திறந்ததும் அந்தம்மா முகத்துல ஒரு சந்தோஷம். சார்ஜ் ஷீட் பக்கம் பேசுற ஆளுகூட எந்திரிச்சு வந்து குனிஞ்சு பாத்தான். "நீங்களே செஞ்சதா?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன். அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஒர்க்ஷாப்புல எத்தனையோ செஞ்சேன், ஒண்ணையும் எவனும் குனிஞ்சு பாத்ததில்ல.

அந்தம்மா நல்லா விவரமான ஆளு. மேஜையில ஸ்கேல் ரெண்டைத் தண்டவாளமா வச்சு, டிராலி நின்ன இடத்துல ஒரு அழிரப்பரை வச்சாங்க. அப்புறம் கீழ மண்டி போட்டு உக்காந்து, டிரைவர் சீட்டு ஜன்னல் வழியா ஒத்தக் கண்ணால பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. எந்திரிச்சு, "இங்கேருந்து பாத்தா டிராலி நல்லாத் தெரியுதே, மிஸ்டர் லூர்துராஜ்"ன்னாங்க.

எனக்குப் புரியல. லூர்து கிட்டப் போனான். அவனும் குனிஞ்சான். எஞ்சினைத் தொடாம சுத்திச் சுத்திப் பாத்தான். அப்புறம் நிமிந்து, என் முகத்தைப் பாக்காம, அந்தம்மாகிட்ட சொன்னான். "மேடம், இது என் எஞ்சின் இல்ல. இதுல எல்லாம் திரும்பி இருக்கு. சீட்டு இந்தப் பக்கம் இருக்காது. தப்பாச் செஞ்சிருக்காங்க."

தப்பாச் செஞ்சிருக்காங்க. ஏழு பேரு ரூம்ல. டைப் அடிக்கிற பொண்ணு உள்பட ஏழு பேரு. நாலு மாசம் தட்டைக் கையில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டவனைப் பாத்து, அண்ணே அண்ணேன்னு கூப்பிட்ட வாயால, தப்பாச் செஞ்சிருக்காங்க. வெளியே கூட்டிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம்ல? "அண்ணே, ஒரு நிமிஷம் வாங்க"ன்னு வராந்தாவுல வச்சுச் சொன்னா எனக்குப் புரியாதா?

அந்தம்மா என்னைப் பாத்து, "இவர் சொல்றது சரியா?"ன்னாங்க.

நான் சொன்னேன், "அவர் சொல்றது தப்பு மேடம். பார்சல்ல வந்த தகடு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் செஞ்சிருக்கேன். முப்பத்தாறு வருஷம் தகடு வேலை பாத்தவன். என் கையில அளவு மாறாது."

"அப்ப சீட்டு இந்தப் பக்கம்தானா?"

"இந்தப் பக்கம்தான்."

எழுதிக்கிட்டாங்க. போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நான் எஞ்சினை டப்பாவுல வச்சு மூடிக்கிட்டு வெளியே வந்துட்டேன். லூர்து பின்னாடியே கதவு வரைக்கும் வந்து "அண்ணே, உள்ள வாங்கண்ணே"ன்னான். நான் திரும்பல. மீதி என்கொயரிக்கு அவன் பக்கம் பேச ஆளில்ல. அவனே தனியா நின்னு பேசியிருக்கான். அவனுக்கு என்ன பேசத் தெரியும்? ரெண்டு மாசத்துல ஆர்டர் வந்துடுச்சு. வேலையை விட்டு நீக்கம். அதுல என் பேரைப் போட்டே எழுதியிருக்காங்களாம், இவர் தரப்புல கொண்டுவந்த ஆளே ஒத்துக்கிட்டாருன்னு. மூணு வருஷ சர்வீஸ் பாக்கி இருந்துச்சு அவனுக்கு. பென்ஷனும் கிடையாது. ஜெசிந்தா, அதான் என் கொழுந்தியா, இப்ப எங்க தெருப் பக்கம்கூட வர்றதில்ல. பாருங்க அநியாயத்தை. அசிங்கப்பட்டவன் நான், கோவிச்சுக்கிறது அவங்க.

இருங்க. இன்னொண்ணு சொல்றேன். உங்களுக்கு நான் யாரோ, எனக்கு நீங்க யாரோ, அதனால சொல்றேன்.

போன மாசம் ஒரு நாள் காலையில பிலோமினா பீரோவைத் துடைச்சுட்டு, டப்பாவுலேருந்து எஞ்சினை எடுத்து பீரோ கண்ணாடிக்கு முன்னால இருந்த ஸ்டூல்ல வச்சிருந்தா. வேணும்னே வச்சாளோ என்னவோ, இன்னை வரைக்கும் நான் கேக்கல. நான் தலை சீவப் போனேன். கண்ணாடியில எஞ்சின் தெரிஞ்சுது. கண்ணாடிக்குள்ள ஒத்தக்கை அப்படியே நிக்குது. லூர்து வாயால சொன்னது எப்படியோ அப்படி. கதவு அந்தப் பக்கம், படிக்கட்டு அந்தப் பக்கம், சீட்டு இடது பக்கம். ஸ்டூல்ல இருக்கிறதைப் பாத்தேன், சீட்டு வலது பக்கம்.

சீப்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். கோட்டை வெளியே வச்சு மடிச்சதுல உள்ள இருக்க வேண்டியது வெளியே வந்து, மொத்த எஞ்சினும் புரண்டுபோயிருக்கு. ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா பொருந்தாம காட்டிக் குடுத்திருக்கும். எல்லாத்தையும் ஒரே மாதிரி மாத்தி மடிச்சேனா, எல்லாம் ஒழுங்காப் பொருந்தி உக்காந்துடுச்சு. பொய் சொல்லல, அன்னைக்கு நான் சாப்பிடல.

பிலோமினா அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. தங்கச்சிக்குப் போன் போட உள்ள போனா. மறுநாள் ஒரு பேப்பர் டைப் அடிச்சு வந்துச்சு. மாடலை நான் தப்பா மடிச்சுட்டேன், என்கொயரியில நான் சொன்னது தப்பு, சீட்டு இடது பக்கம்தான்னு. அதைத்தான் கவர்ல வச்சுக்கிட்டு நிக்கிறான். "போய் ஒரு கையெழுத்து போட்டுட்டு வாங்க. அவரா கேக்க மாட்டாருங்க, கேட்டுக் கேட்டு அவருக்கு விட்டுப்போச்சு. நீங்கதான் போகணும்"னு இன்னைக்குச் சொல்லி அனுப்பினா.

தப்பு என்னோடதுதான். நான் இல்லேன்னு சொல்லல. உங்ககிட்ட ஒத்துக்கிட்டேன்ல? ஆனா தப்பு வேற, மரியாதை வேற. ஏழு பேரு முன்னால சொன்னதுக்கு அவன் ஒரு வார்த்தை வருத்தப்படணுமா இல்லையா? நான் பெரிய வார்த்தையெல்லாம் கேக்கல. இந்த ரோட்டைத் தாண்டி வந்து, "அண்ணே"ன்னா போதும்.

மணி நாலே முக்காலா? உங்க வாட்சு சரியா ஓடுதா?

பாருங்க, பாருங்க. கையைத் தூக்குறான். இப்பப் பாக்கலாம் நீங்க. கையைத் தூக்கிக் கூப்பிடுறான். தெருவுல போற ஆட்டோவைக் கூப்பிடுற மாதிரி. ஏன், கால் இல்லையா? வாயில வார்த்தை இல்லையா? நான் டீயைக் குடிக்கிற மாதிரி இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்களும் என்கிட்ட ஏதோ பேசுற மாதிரி இருங்க. இன்னும் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறானா? நிக்கட்டும். கை வலிச்சா தானா இறக்குவான்.

நான் போகணுங்கிறீங்களா? நீங்களும் பிலோமினா மாதிரியே பேசுறீங்க. போகலாம். போறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும், நாப்பது அடி. ஆனா நான் போனா என்ன அர்த்தம்? அவன் அன்னைக்குச் சொன்னது சரின்னு ஆயிடும். சரிதான், சரிதான்னுதான் நானே சொல்றேனே. ஆனா அவன் சொன்ன விதம் சரின்னு ஆயிடும். ரெண்டும் ஒண்ணு இல்ல.

என்ன அது, பியூன் வெளிய வர்றாரா? லூர்துகிட்ட என்னமோ சொல்றாரு. அவன் தலையை ஆட்டுறான். கெஞ்சுறான் பாருங்க, பியூன்கிட்ட. ஒரு பியூன்கிட்டப் போய்க் கெஞ்சத் தெரியுது. இன்னும் ரெண்டு நிமிஷம்னு விரலைக் காட்டுறான். இந்தப் பக்கம் பாக்குறான். வா, வா. ரெண்டு நிமிஷம் போதும், ரோடுதானே. பேனாவைக் கையிலதான் வச்சிருக்கேன், மூடியைக்கூடக் கழட்டிட்டேன், நீங்களே பாக்குறீங்க.

அஞ்சு மணி ஆச்சு. கேட்டை இழுத்து மூடிட்டாரு.

போறான். கவரை மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போறான். அந்தப் பக்கமாவே போறான் பாருங்க. ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பினானா? திரும்பல. நான் சொன்னேன்ல, வர மாட்டான்னு. மூணரையிலேருந்து நான் இங்க உக்காந்திருந்தேன், பேனாவோட. நாளைக்கு யாராவது வந்து கேட்டா நீங்க சொல்லணும். நீங்கதான் சாட்சி.